முழு உடை ஒத்திகை

கம்பிக்காரர் இரண்டு போர்களில் கலந்துகொண்டவர். இரண்டும் ஒரே குன்றுக்காக நடந்தவை. முதல் போரில் அந்தக் குன்றைப் பிடித்தார்கள். பிடித்ததைப் பேச்சுவார்த்தையில் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தது தப்பு என்று சில வருஷம் கழித்து யாருக்கோ உறைத்தது. மறுபடி போய்ப் பிடித்தார்கள்.

அவருடைய வேலை சுடுவது அல்ல. தோளில் கம்பிச் சுருளை மாட்டிக்கொண்டு, மேலே இருக்கும் படைக்கும் கீழே இருக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் தொலைபேசிக் கம்பி இழுப்பது. குண்டு விழுந்து கம்பி அறுந்தால் அந்த இடம் வரை தவழ்ந்து போய், இரண்டு முனையையும் முறுக்கி முடிச்சுப் போட்டு, கையோடு கொண்டுபோன தொலைபேசியைச் செருகி, "கேக்குதா?" என்று கேட்பது. கீழே இருந்து எவனாவது "கேக்குது" என்பான். அதோடு வேலை முடிந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகத்தான் இரண்டு போரிலும் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். இரண்டாம் போரில் ஒரு பாறை இடுக்கில் பழைய கம்பி ஒன்று தட்டுப்பட்டது. முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, முதல் போரில் அவரே போட்டது. துரு ஏறியிருந்ததே தவிர விட்டுப்போகவில்லை. அதையே புதுக் கம்பியோடு சேர்த்துவிட்டுத் திரும்பினார். போர்க்களத்திலேயே கம்பி நீட்டினவன் என்று கூட இருந்தவர்கள் காலமெல்லாம் கேலி செய்தார்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போது கேலி செய்யக்கூட அவருக்கு ஆள் இல்லை.

இரண்டு போருக்கும் பதக்கம் உண்டு என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். அறிவித்ததோடு சரி. பதக்கங்களைக் கொடுப்பதற்கென்றே ஓர் இயக்குநரகம் இருந்தது. கொடுக்காமல் இருப்பதற்கு வேண்டிய எல்லா வசதிகளும் அங்கே இருந்தன. ஒரு குன்றுக்கு இரண்டு பதக்கம் கொடுக்கலாமா என்ற கேள்வியில் பல வருஷம் ஓடியது. கம்பிக்காரர் அவ்வப்போது போய், தாழ்வாரத்து மர பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டால் உள்ளே போய்விட்டு வருவார்.

துணை இயக்குநர் நல்ல மனிதர். யார் வந்தாலும் உட்காரச் சொல்லி ஆற அமரப் பேசுவார்.

"ஐயா, பதக்கம் குடுக்கறது பெரிய விஷயமில்ல. குடுக்காம பத்திரமா வெச்சிருக்கோம் பாருங்க, அதுதான் பெரிய விஷயம். எல்லாருக்கும் குடுத்துட்டா இந்த ஆபீசுக்கு என்ன வேலை? அப்புறம் வீரத்தை யாரு பாத்துக்கறது?"

"சரிங்க சார்."

"நாங்க யாருமே போருக்குப் போனதில்ல. அதனாலதான் எங்களால நடுநிலையா இருக்க முடியுது. போயிட்டு வந்தவங்களை வெச்சா பாசம் வந்துடும்."

கடைசியில், குன்று ஒன்றுதான் என்றாலும் ஏறியது இரண்டு தடவை என்று முடிவாகி, இரண்டு பதக்கமும் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. அதற்குள் வாங்க வேண்டியவர்களில் கம்பிக்காரர் ஒருவர்தான் உயிரோடு மிச்சம் இருந்தார். "இதுவும் ஒரு விதத்துல நல்லதுதான். விழா கச்சிதமா இருக்கும்" என்றார் துணை இயக்குநர்.

சொன்னால் அந்த அலுவலகத்தில் யாருக்கும் புரிந்திருக்காது. கம்பிக்காரருக்குப் பதக்கத்தின் மேல் அப்படி ஒன்றும் ஆசை இல்லை. ஆசைப்பட்டது அவர் மனைவி. அவருடைய பழைய கோட்டின் இடது மார்பில், உள்பக்கமாக, ஒரு துண்டு கித்தானை வைத்துத் தைத்து வைத்திருந்தாள். "ரெண்டும் ஒண்ணா வந்தா கனத்துல துணி தொங்கிப் போயிடும்" என்பாள். தைத்தவள் போய்விட்டாள். கித்தான் அங்கேயே இருந்தது.

ஒரே மகள். கடல் தாண்டிய ஊர் ஒன்றில் பல் மருத்துவமனையில் வேலை. அம்மாவின் காரியத்துக்கு வந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலையில் கூப்பிடுவாள். மாத்திரை சாப்பிட்டீர்களா, அங்கே மழையா, முட்டி வலி எப்படி. இவர் சாப்பிட்டேன், இல்லை, பரவாயில்லை என்பார். அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச்சு ஓடாது. "சும்மா ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்று சொல்ல வாய் வரை வரும். அவளுக்கு வேலை இருக்கிறது, வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணமில்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று விழுங்கிவிடுவார்.

பதக்கச் செய்தியைச் சொன்ன அன்று அவளாகவே சொன்னாள்.

"அப்பா, நிஜமாவா? அன்னைக்கு நான் கண்டிப்பா வரேன். தேதி சொல்லுங்க, உடனே டிக்கெட் எடுத்துடறேன்."

கம்பிக்காரர் ரிசீவரை வைத்தார். பதக்கம் பித்தளையோ தகரமோ, அவருக்குக் கவலை இல்லை. மகள் வருவாள். அன்றே அவள் அறையைப் பெருக்கி, ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட்டார்.

ஆனால் தேதி என்பது இயக்குநரகத்தில் சாமானியமாகக் கிடைக்கிற பொருள் அல்ல. ஒத்திகைகள் முடிய வேண்டும். முழு உடை ஒத்திகை திருப்தியாக நடந்த பிறகுதான் விழாவின் தேதி சொல்வார்கள். ஒத்திகைக்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட குரல். அவர் கம்பிக்காரரிடம் முதலில் கேட்டது கோட்டை.

"கோட்டைக் கழட்டிக் குடுங்க பெரியவரே. மாப்பிள்ளைக்குப் போடணும்."

மாப்பிள்ளை என்பது ஒரு துணிக்கடைப் பொம்மை. ஆள் உயரம், நல்ல நிறம், எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாத முகம். எப்போதும் உடுத்திக்கொண்டு விறைப்பாக நிற்பதால் ஊழியர்கள் வைத்த பெயர். பதக்கம் வாங்குகிறவரின் அளவுக்கு அதன் தோளையும் இடுப்பையும் திருகிச் சரி செய்து, அவருடைய கோட்டையே மாட்டி, ஒத்திகைகளில் அவருக்குப் பதிலாக மேடையில் நிறுத்துவது அங்கே வழக்கம்.

"நானே நிக்கறேனே சார். சும்மாதான இருக்கேன்" என்றார் கம்பிக்காரர்.

ஒத்திகை அதிகாரி அனுபவஸ்தர். பொறுமையாக விளக்கினார். "நிஜ ஆளை வெச்சு ஒத்திகை பண்ணா நிஜமாவே உணர்ச்சி வந்துடும். முன்னாடி ஒருத்தர் ஒத்திகையிலயே அழுது தீத்துட்டாரு. விழா அன்னைக்கு மரம் மாதிரி நின்னாரு. எல்லாத்தையும் ஒத்திகையிலயே கொட்டிட்டா அப்புறம் விழாவுக்கு என்ன மிச்சம்? பொம்மைன்னா அந்தத் தொந்தரவு இல்ல. இருமாது, தும்மாது, நடுவுல செத்தும் போகாது."

"அப்போ நான் எங்க இருக்கறது?"

முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி போட்டு 'குடும்பத்தினர்' என்று அட்டை கட்டியிருந்தார்கள். மகளுக்கான நாற்காலி. ஒத்திகையில் நாற்காலி எதுவும் காலியாக இருக்கக்கூடாதாம், பார்க்க நன்றாக இருக்காதாம். ஆகவே மகள் நாற்காலியில் அப்பா உட்கார்ந்தார். மேடையில் மனைவி கித்தான் வைத்துத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு பொம்மை நின்றது. ஊழியர் ஒருவர் ஜெனரலாக நடித்துத் தகரப் பதக்கம் குத்தினார். "முதுகு இன்னும் நிமிரணும்" என்று அதிகாரி கத்தினால் கீழே உட்கார்ந்திருந்த கம்பிக்காரர் நிமிர்ந்துகொள்வார். "கைதட்டல்" என்றால் தட்டுவார். மண்டபத்தில் தட்டியது அவர் ஒருவர்தான். மகள் இங்கே உட்கார்ந்தால் மேடை இப்படித்தான் தெரியும், அந்தத் தூண் கொஞ்சம் மறைக்கிறது, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். ஒத்திகை முடிந்தும் எழுந்திருக்க மனம் வராது. வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்பாள். "தேதி சொல்லிட்டாங்களாப்பா? டிக்கெட் எடுக்கட்டுமா?"

"ஒத்திகை நடக்குதும்மா. முழு உடை ஒத்திகை முடிஞ்சதும் சொல்லிடுவாங்க."

முழு உடை ஒத்திகை நாள் வந்தது. அன்று எல்லாமே நிஜமாக இருக்க வேண்டும், ஆளைத் தவிர. நிஜ வாத்தியக் குழு, நிஜக் கொடி, நிஜ ஜெனரல். பதக்கங்களும் நிஜம்; தகரத்தைக் குத்திப் பழகிய கைக்கு நிஜத்தின் கனம் தெரியாது என்று ஒத்திகை அதிகாரி பெட்டகத்தைத் திறந்து எடுத்து வந்திருந்தார். அவருடைய தொழில் சுத்தத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஜெனரல் அவசரத்தில் இருந்தார். வெளியே வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றது, அதிலிருந்து விமானத்துக்குப் போக வேண்டும். விறுவிறு என்று மேடையேறினார். பொம்மையை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுல என்ன ஒரு நிமிர்வு" என்றார். "எந்தப் போர்ல இருந்தீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நாட்டின் பெயரால் உனக்கு இதை அணிவிக்கிறேன் என்ற வாக்கியத்தைப் பிசகாமல் சொல்லி ஒரு பதக்கத்தைக் குத்தினார். மறுபடி சொல்லி இன்னொன்றைக் குத்தினார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். வாத்தியம் முழங்கியது. கீழே இறங்கும்போது முன்வரிசையில் இருந்த கிழவரின் தோளை, யார் என்று பார்க்காமலே தட்டி, "உங்க வீட்டுக்காரரை நெனச்சு நீங்க பெருமைப்படணும்" என்றுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

ஒத்திகை அதிகாரி மேடைக்குப் போய்ப் பதக்கங்களைக் கழற்றக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றார் துணை இயக்குநர். அவர் முகம் வெளுத்திருந்தது. "அவரு அந்த வாக்கியத்தைச் சொல்லிட்டாரு."

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஒத்திகையில் சொல்லும் வாக்கியம் வேறு. 'ஒத்திகையாக' என்ற சொல் அதில் முதலில் வரும். ஜெனரல் விழாவுக்கு உரிய வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். ஜெனரலின் கை, நிஜப் பதக்கம், சரியான வாக்கியம், சல்யூட், வாத்தியம். ஐந்தும் கூடிவிட்டால் பதக்கம் கொடுத்தாயிற்று என்பது விதி. கொடுத்த பதக்கத்தைக் கழற்றுவது அதை வாங்கியவரை அவமானப்படுத்துவது. ராணுவ விசாரணை வைத்துக் குற்றம் நிரூபித்தால் ஒழிய அதில் யாரும் கை வைக்க முடியாது.

ஆகவே விசாரணை வைத்தார்கள். நீளமான மேஜை, பச்சைத் துணி, தண்ணீர் ஜாடி. நடுவில் மாப்பிள்ளை நின்றது. சாட்சியாகக் கம்பிக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் துணை இயக்குநர்.

"தெரியும் சார். அது பொம்மைங்க."

"மரியாதையா பேசுங்க ஐயா. ரெண்டு பதக்கம் வாங்கினவரு."

"அவரு பொம்மைங்க சார்."

"இவரு கோழையா நடந்துகிட்டதை எப்பவாவது பாத்திருக்கீங்களா? ஓடி ஒளிஞ்சது, மேலதிகாரிகிட்ட எதிர்த்துப் பேசினது?"

கம்பிக்காரர் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை. "இல்ல சார். நிக்கச் சொன்ன இடத்துல நின்னுச்சு."

ஒத்திகை அதிகாரியும் மனசாட்சிக்கு விரோதமாக எதையும் சொல்ல விரும்பவில்லை. இந்தப் பொம்மை ஒரு நாள் லீவு கேட்டதில்லை, வெயிலில் நிறுத்தியபோது கூட மூக்கைச் சொறிந்ததில்லை என்றார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அது மௌனமாக இருந்ததை, ராணுவ ரகசியம் காப்பதாக விசாரணைக் குழு எடுத்துக்கொண்டது. குற்றம் எதுவும் இல்லை, நடத்தை மிகவும் திருப்தி என்று தீர்ப்பாயிற்று. இப்படி ஒழுக்கமானவர் இந்தக் கட்டடத்துக்குள் வந்து வெகுகாலம் ஆகிறது என்று குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு வேற ரெண்டு பதக்கம் செஞ்சு குடுக்கக் கூடாதுங்களா?" என்று கம்பிக்காரர் கேட்டுப் பார்த்தார்.

"செய்யலாம். ஆனா அப்போ குன்றுல ரெண்டு பேர் கம்பி இழுத்ததா ஆயிடும். வரலாற்றைத் திருத்தறது நம்ம வேலை இல்லையே."

"அப்போ விழா?"

"நடந்துடுச்சே. ரொம்ப நல்லா நடந்துச்சுன்னு ஜெனரல் போன்ல சொன்னாரு."

கம்பிக்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் குரல் உயர்ந்ததில்லை. இப்போதும் உயரவில்லை, கொஞ்சம் உடைந்தது.

"என் பொண்ணு வரேன்னு சொல்லியிருந்தா சார். விழான்னு ஒண்ணு இருந்தாதான் அவ வருவா."

துணை இயக்குநருக்கு இது புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பதில் தயாராக இருந்தது. "அவங்களுக்குப் போட்ட நாற்காலி காலியாவா இருந்துச்சு? நீங்கதான உக்காந்திருந்தீங்க. குடும்பத்து சார்பா நீங்க வந்ததாதான் கணக்கு. அந்தக் குறையே வேண்டாம்."

சொல்லும்போதே அவர் முகம் பிரகாசமாயிற்று. வேறொரு சிக்கலுக்கும் அதிலேயே வழி இருந்தது. பதக்கம் வாங்கியவரை இனிமேல் சாமான் அறையில் வாளி, துடைப்பத்தோடு நிறுத்தி வைக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். குடும்பத்தினர் நாற்காலியில் உட்கார்ந்தவர் யாரோ, அவர்தானே குடும்பம்?

"கூட்டிட்டுப் போங்க. பதக்கம் உங்க வீட்டுக்கே வருது பாருங்க. அவரு சட்டையிலயே இருக்கணும், அவ்வளவுதான். அப்பப்போ வந்து பாத்துப்போம்."

கம்பிக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொம்மை போட்டிருந்தது அவருடைய கோட்டு. உள்ளே அவள் தைத்த கித்தான். இரண்டு பதக்கத்தின் கனத்திலும் துணி தொங்காமல் நின்றதை அவர் பார்த்தார். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டார்.

இயக்குநரகத்து வேனில் மாப்பிள்ளையை நிற்க வைத்தே கூட்டி வந்தார்கள். இரண்டு ஊழியர்கள் மாடிப்படியில் தூக்கி வந்து முன்னறையில் நிறுத்தினார்கள். ஒத்திகை அதிகாரி வாசலில் நின்று சல்யூட் அடித்தார், பொம்மைக்கு. கீழ்வீட்டு அம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"யாரு, சொந்தக்காரரா?"

"ஆமாம்மா. அப்படித்தான் சொல்றாங்க" என்றார் கம்பிக்காரர்.

முதல் இரண்டு நாள் அதன் முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, பாவம், அது என்ன செய்யும் என்று தோன்றி மறுபடி தன் பக்கம் திருப்பி வைத்தார். கடைக்குக் கிளம்பும்போது "வரேன்" என்றார். சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லை அந்த வீட்டில் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று நினைவு வந்தது. திரும்பி வந்ததும் என்ன விலை விற்கிறான் பார் என்று அதனிடம் குறைபட்டுக்கொண்டார். இரண்டாம் போரில் தன் பழைய முடிச்சைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். மனைவிக்குப் பிறகு அந்தக் கதையை முழுசாகக் கேட்டது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீக்கிரமே எழுந்து முகம் மழித்துக்கொண்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். விழா இல்லை, பதக்கம் இல்லை, இருந்தாலும் வா என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? பார்வை பொம்மை மேல் போயிற்று. அதை நகர்த்தி நகர்த்தி வாசல் கதவுக்குப் பக்கத்தில், மகள் வந்தால் பையோடு எங்கே நிற்பாளோ அந்த இடத்தில், நிறுத்தினார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விழாவெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீ சும்மா வந்துட்டுப் போ."

சரியாக வரவில்லை. பிச்சை கேட்பது போல இருந்தது. இன்னொரு தடவை சொன்னார். இப்போது அதிகாரம் தொனித்தது. மறுபடி சொன்னார். எங்கேயோ அடைத்திருந்தது திறந்துகொண்டது.

"பதக்கம் யாருக்கு வேணும்மா? நீ வரேன்னு சொன்னதுக்காகத்தான் நான் அங்க போய்ப் போய் உக்காந்தேன். உங்கம்மா போனதுலேர்ந்து இந்த வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. தனியா இருக்க முடியலம்மா எனக்கு. உன் முகத்தைப் பாக்கணும். ஒரு நாள் இருந்துட்டுப் போனாக்கூடப் போதும்."

சொல்லி முடித்தபோது கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. துடைக்கவில்லை. உடம்பே லேசான மாதிரி இருந்தது. பொம்மை எல்லாவற்றையும் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் கேட்டது.

தொலைபேசி அடித்தது.

"அப்பா, மாத்திரை சாப்பிட்டீங்களா? என்னாச்சு, தேதி சொல்லிட்டாங்களா? டிக்கெட் எடுக்கட்டுமா?" பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம்.

கம்பிக்காரர் வாயைத் திறந்தார். இப்போதுதான் சொன்னவை, ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் சொன்னவை. தேடிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை. ஒத்திகை அதிகாரி அனுபவஸ்தர்தான்.

"இன்னும் ஒத்திகைதாம்மா நடக்குது" என்றார்.

"இன்னுமா? சரிப்பா, அவசரமில்ல. நல்லாப் பண்ணட்டும். தேதி தெரிஞ்சதும் சொல்லுங்க, ஓடி வந்துடறேன். வெச்சுடவா? இங்க ரெண்டும் அடிச்சுக்குதுங்க."

"சரிம்மா."

அவள் வைத்துவிட்டாள். கம்பிக்காரர் வைக்கவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. குன்றில் முடிச்சுப் போட்டுவிட்டுக் கேட்பாரே, அதே மாதிரி மெல்லக் கேட்டார்.

"கேக்குதா?"

கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில், பதிலுக்குக் காத்திருந்தார். கதவுப் பக்கம் மாப்பிள்ளை இரண்டு பதக்கத்தோடு நிமிர்ந்து நின்றது.